ஈச் வே பந்தயத்தில் இரண்டாவதாக வந்த குதிரைக்கும் பணம் குறைந்தது ஏன்? வருமானக் கணக்கைப் பற்றிய விவாதம்

புதுவரவு:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்துக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன. உடன் பணிபுரிவோர் சனிக்கிழமைகளில் குதிரை ஓட்டம் பார்ப்பதால் நானும் சிறு தொகை வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். சென்ற வாரம் எட்டுக் குதிரைகள் ஓடிய ஓர் ஓட்டத்தில் 3/1 விலையில், அதாவது வென்றால் ஒரு பவுண்டுக்கு மூன்று பவுண்டு ஆதாயம் என்ற விலையில், இருந்த குதிரை மீது “ஐந்து பவுண்டு ஈச் வே” என்று எழுதிக் கொடுத்தேன். கடையில் பத்துப் பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். குதிரை இரண்டாவதாக வந்தது. மகிழ்ச்சியோடு சீட்டை நீட்டினேன். எட்டுப் பவுண்டுதான் கொடுத்தார்கள். குதிரை இடம்பிடித்த பிறகும் எனக்கு இரண்டு பவுண்டு நட்டம் என்பது எப்படிச் சரியாகும்? கல்லாவில் இருந்தவர் “கணக்கு சரிதான்” என்று மட்டும் சொன்னார். ஐந்து பவுண்டு என்று நான் எழுதியிருக்க, பத்துப் பவுண்டு வாங்கியதன் காரணமும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்கோலம்:

நண்பரே, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ஈச் வே என்பது ஒரு பந்தயமன்று. ஒரே சீட்டில் எழுதப்படும் இரண்டு தனித்தனிப் பந்தயங்கள் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதல் பந்தயம், குதிரை முதலாவதாக வரும் என்பது. இதை வின் என்கிறோம். இரண்டாவது, அந்த ஓட்டத்துக்கு வகுக்கப்பட்ட இடங்களுள் ஏதாவது ஒன்றில் குதிரை வரும் என்பது. இதைப் பிளேஸ் என்கிறோம். இரண்டுக்கும் சமமான பணயம் வைக்கப்படுகிறது. ஆகவே ஐந்து பவுண்டு ஈச் வே என்றால் வின்னுக்கு ஐந்து, பிளேஸுக்கு ஐந்து, மொத்தம் பத்து.

இனி விலையைப் பாருங்கள். வின் பகுதிக்கு முழு விலை. பிளேஸ் பகுதிக்கு அந்த விலையின் ஒரு பின்னம் மட்டுமே. எட்டுக் குதிரைகள் ஓடும் வழக்கமான ஓட்டத்தில் அப்பின்னம் ஐந்தில் ஒன்று, இடங்கள் மூன்று. உங்கள் குதிரையின் விலை 3/1 என்பதால் பிளேஸ் விலை 3/5 ஆகிறது. அது இரண்டாவதாக வந்ததால் வின் பகுதிக்கான ஐந்து பவுண்டு முழுவதும் போய்விட்டது. பிளேஸ் பகுதியில் ஐந்தை 3/5-ஆல் பெருக்கினால் ஆதாயம் மூன்று பவுண்டு. அதனுடன் பணயம் ஐந்தும் திரும்ப வர, எட்டுப் பவுண்டு. கல்லாவில் இருந்தவர் சொன்னது சரியே, ஆனால் இவ்வளவையும் அவர் சொல்லியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

குதிரை வென்றிருந்தால் வின் பகுதியில் பதினைந்து பவுண்டு ஆதாயமும் ஐந்து பவுண்டு பணயமும் சேர்ந்து இருபது, பிளேஸ் பகுதியில் அதே எட்டு, மொத்தம் 28 பவுண்டு வந்திருக்கும். வென்ற குதிரை இடமும் பிடித்ததாகவே கொள்ளப்படும் என்பதால் இரண்டு பகுதிகளும் பட்டுவாடா ஆகும். இதைப் புதியவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே பத்துப் பவுண்டையும் வின்னில் மட்டுமே வைத்திருந்தால் 40 பவுண்டு வந்திருக்கும். வெற்றி பெற்றால் விட்டுக்கொடுக்கும் இந்தப் பன்னிரண்டு பவுண்டுதான், வெற்றி பெறாதபோது கிடைக்கும் எட்டுப் பவுண்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

இடம் மட்டும் பிடித்தால் போட்ட முழுத் தொகையாவது திரும்ப வருமா என்பதைச் சீட்டு எழுதும் முன்பே அறிந்துகொள்ளலாம். பின்னம் ஐந்தில் ஒன்று எனில் குதிரையின் விலை குறைந்தது 5/1 ஆகவும், நான்கில் ஒன்று எனில் குறைந்தது 4/1 ஆகவும் இருக்க வேண்டும். சரியாக அந்த விலையில் பிளேஸ் விலை ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடுவதால், பிளேஸில் கிடைக்கும் ஆதாயம் வின்னில் இழந்ததை அப்படியே ஈடுசெய்யும். அதற்குக் குறைந்தால், குதிரை இடம்பிடித்தாலும் உங்களுக்கு நட்டமே. 3/1 குதிரைக்கு நடந்தது இதுதான்.

பழையகல்லா:

எண்கோலம் அவர்களின் விளக்கத்தோடு விதிகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. நான் ஒரு பந்தயக் கடையில் நெடுங்காலம் சீட்டுகளுக்குக் கணக்குத் தீர்க்கும் பணியில் இருந்தவன். கணினி வருவதற்கு முன்பு இவை அனைத்தையும் கையாலேயே போட்டோம்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வழக்கமான விதிகள் இவை. நான்கு அல்லது அதற்குக் குறைந்த குதிரைகள் ஓடினால் பிளேஸ் கிடையாது, வின் மட்டும். ஐந்து முதல் ஏழு வரை எனில் முதல் இரண்டு இடங்கள், விலையில் நான்கில் ஒன்று. எட்டும் அதற்கு மேலும் எனில் முதல் மூன்று இடங்கள், ஐந்தில் ஒன்று. ஆனால் ஹேண்டிகேப் ஓட்டங்களில், அதாவது குதிரைகளின் திறனுக்கேற்ப எடை ஏற்றிச் சமப்படுத்தப்படும் ஓட்டங்களில், பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ஓடினால் முதல் மூன்று இடங்களுக்கு நான்கில் ஒன்றும், பதினாறும் அதற்கு மேலும் ஓடினால் முதல் நான்கு இடங்களுக்கு நான்கில் ஒன்றும் கொடுப்பார்கள்.

புதுவரவு அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எண்ணிக்கை நீங்கள் சீட்டு எழுதிய நேரத்துக்குரியதன்று. ஓட்டம் தொடங்கும்போது உண்மையில் ஓடிய குதிரைகளின் எண்ணிக்கை. காலையில் எட்டாக இருந்தது பிற்பகலில் ஒன்று விலகி ஏழானால் மூன்றாம் இடத்துக்குப் பணம் இல்லை. கல்லாவுக்கு முன்னால் நான் கண்ட வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால் எழுந்தவையே. வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதப்படும் பந்தயங்கள் வேறு வகை. அவற்றில் எழுதியபோது அறிவித்த இடங்களும் பின்னமும் நிற்கும், ஆனால் குதிரை ஓடாமலே போனால், வேறு உறுதி எதுவும் தரப்படாத வரையில், பணயம் திரும்பாது.

புதுவரவு:

மிக்க நன்றி. இரண்டு பந்தயங்கள் என்பதை மனத்தில் வைத்ததும் பாதிக் குழப்பம் நீங்கிவிட்டது. இன்னுமொரு ஐயம். கைப்பேசிச் செயலியில் விலைகள் தசமத்தில் வருகின்றன. 6.5 என்று காட்டிய ஒரு குதிரைக்கு ஐந்தில் ஒரு பங்கு பார்க்க 6.5-ஐ ஐந்தால் வகுத்தேன், 1.3 வந்தது. செயலியோ 2.1 என்று காட்டுகிறது. நான் எங்கே தவறினேன்?

எண்கோலம்:

தசம விலையில் உங்கள் பணயமும் சேர்ந்தே இருக்கிறது. பின்ன விலையில் ஆதாயம் மட்டுமே இருக்கிறது. குறைக்கப்படுவது ஆதாயம்தான், பணயமன்று. ஆகவே முதலில் ஒன்றைக் கழியுங்கள், பிறகு வகுங்கள், பிறகு ஒன்றைக் கூட்டுங்கள். 6.5-இல் ஒன்று போக 5.5, அதை ஐந்தால் வகுக்க 1.1, ஒன்றைக் கூட்ட 2.1. பின்னத்தில் இதுவே 11/2, அதன் ஐந்தில் ஒன்று 11/10. ஐந்து பவுண்டு ஈச் வே வைத்துக் குதிரை வென்றால் வின்னில் 32.50, பிளேஸில் 10.50, மொத்தம் 43 பவுண்டு. இடம் மட்டும் பிடித்தால் 10.50, போட்டது பத்து என்பதால் ஐம்பது பென்ஸ் மிச்சம்.

நெடுவழி:

கணக்கு சரியாக இருக்கலாம், ஆனால் அடிப்படையை யாரும் பேசவில்லை. ஈச் வே என்பது மனத் தைரியம் இல்லாதவர்களுக்காகப் புக்மேக்கர்கள், அதாவது பந்தயம் ஏற்கும் நிறுவனத்தார், உருவாக்கிய வலை என்பதே பல ஆண்டுகளாகப் பார்த்து நான் அடைந்த முடிவு. குதிரை வெல்லும் என்று நம்பினால் வின்னில் வையுங்கள். நம்பவில்லை என்றால் வைக்காதீர்கள். பாதிப் பணத்தை ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு விற்பது எந்த வகையிலும் அறிவுடைமை ஆகாது. “இடமாவது பிடிக்கும்” என்ற ஆறுதலுக்காகப் பணயத்தை இரட்டிப்பாக்கி, ஆண்டு முடிவில் இரட்டிப்பாக இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

எண்கோலம்:

நெடுவழி அவர்களே, உங்கள் கூற்றில் பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஐந்து பவுண்டு வைக்க நினைத்தவர் “ஈச் வே” என்ற சொல்லால் பத்துப் பவுண்டு வைப்பது உண்மையான ஆபத்து. ஐந்து பவுண்டுதான் மொத்தம் எனில் இரண்டரை ஈச் வே என்று எழுத வேண்டும். குறைந்த விலைக் குதிரைகளில் ஈச் வே பயனற்றது என்பதும் சரி. ஆனால் எப்போதும் பயனற்றது என்று சொல்வதற்குக் கணக்கு இடம் தரவில்லை. பிளேஸ் பகுதியின் தரம் எத்தனை குதிரைகள் ஓடுகின்றன என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது.

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தில் எல்லாக் குதிரைகளும் சம வலிமை உடையவை, விலைகளில் புக்மேக்கரின் இலாபம் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று கொள்க. ஏழு குதிரைகள் எனில் ஒவ்வொன்றின் விலையும் 6/1. பிளேஸ் விலை நான்கில் ஒன்று, அதாவது 6/4. ஒரு பவுண்டுக்கு இடம்பிடித்தால் 2.50 திரும்பும். ஏழில் இரண்டு குதிரைகளே இடம்பிடிக்கும் என்பதால், நெடுநாள் சராசரியில் பிளேஸில் வைத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறத்தாழ 71 பென்ஸ்தான் திரும்புகிறது. இது மிக மோசமான பேரம்.

ஒரே ஒரு குதிரையைக் கூட்டி எட்டாக்குங்கள். விலை 7/1, பிளேஸ் விலை 7/5, இடம்பிடித்தால் ஒரு பவுண்டுக்கு 2.40. பின்னம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் எட்டில் மூன்று இடங்கள் என்பதால் சராசரி 90 பென்ஸுக்கு உயர்கிறது. பதினொரு குதிரைகளில் அதுவே ஏறத்தாழ 82 பென்ஸுக்கு இறங்குகிறது. இடங்கள் மூன்றாகவே நிற்க, போட்டியாளர்கள் மட்டும் பெருகுவதே காரணம். பன்னிரண்டு குதிரை ஹேண்டிகேப்பில் பின்னம் நான்கில் ஒன்றாக மாறுவதால் மீண்டும் ஏறத்தாழ 94 பென்ஸ். பதினைந்தில் 90 பென்ஸ்.

பதினாறில் நிகழ்வதுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. விலை 15/1, பிளேஸ் விலை 15/4, இடம்பிடித்தால் ஒரு பவுண்டுக்கு 4.75. பதினாறில் நான்கு இடங்கள், அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. சராசரி 1 பவுண்டு 18.75 பென்ஸ். வைத்ததைவிட மிகுதியாகத் திரும்பும் பந்தயம்! விலையில் புக்மேக்கர் சேர்க்கும் இலாபம் நடைமுறையில் இதன் பெரும்பகுதியையோ முழுவதையுமோ விழுங்கிவிடும் என்பது உண்மை. எடுத்துக்காட்டாக, எட்டுச் சமக் குதிரைகளின் விலையை 7/1-க்குப் பதில் 6/1 என்று வைத்தால் வின் பகுதியின் சராசரி 87.5 பென்ஸாகவும் பிளேஸ் பகுதி 82.5 பென்ஸாகவும் விழுகின்றன. ஆயினும் பதினாறு குதிரை ஹேண்டிகேப்பில் பிளேஸ் பகுதி வின் பகுதியைவிடச் சிறந்ததாக இருக்கிறது என்ற ஒப்பீடு மாறுவதில்லை. அவ்விடத்தில் “வின்னில் மட்டும் வை” என்ற அறிவுரை, இரண்டில் தரம் குறைந்ததைத் தேர்ந்தெடு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பழையகல்லா:

நாங்கள் கல்லாவுக்கு உட்புறம் இருந்து கண்டதை எண்கோலம் எண்களால் காட்டியிருக்கிறார். பதினாறு பேர் கொண்ட ஹேண்டிகேப்பில் ஒரு குதிரை விலகிப் பதினைந்தானால் எங்கள் மேலாளர் முகத்தில் வெளிப்படையான நிம்மதி தெரியும்; ஏன் என்று அப்போது எனக்கு முழுவதும் விளங்கவில்லை.

இன்னொரு சூழலும் புக்மேக்கர்களுக்கு அச்சம் தருவது. எட்டுக் குதிரைகள், அவற்றுள் ஒன்று மிக வலிய ஃபேவரிட், அதாவது வெல்லும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்படும் குதிரை; மற்றவை நீண்ட, அதாவது உயர்ந்த, விலையில் பரவிக் கிடப்பவை. இத்தகைய ஓட்டத்தில் இரண்டாம் மூன்றாம் விருப்பக் குதிரைகள் மீது பெருந்தொகை ஈச் வே எழுத வருபவரின் சீட்டை ஏற்கும் முன் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு விதியாக இருந்தது. இதையும் கணக்கில் காட்ட முடியுமா?

எண்கோலம்:

முடியும். எட்டுக் குதிரைகளில் ஃபேவரிட்டின் வெற்றி வாய்ப்பு பாதி, மீதிப் பாதியை ஏழு குதிரைகள் சமமாகப் பகிர்கின்றன எனில் அந்த ஏழின் நியாயமான விலை 13/1. வென்ற குதிரையை நீக்கிவிட்டு மற்றவற்றின் வாய்ப்புகளை அதே விகிதத்தில் உயர்த்தி இரண்டாம் இடத்துக்கும், பிறகு மூன்றாம் இடத்துக்கும் கணக்கிடும் எளிய முறையில், ஃபேவரிட் முதல் மூன்றுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு. எஞ்சிய இடங்களை ஏழும் பகிர, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 விழுக்காடு கிடைக்கிறது. 13/1-இன் ஐந்தில் ஒன்று 13/5. இடம்பிடித்தால் ஒரு பவுண்டுக்கு 3.60. சராசரி ஏறத்தாழ 1 பவுண்டு 8 பென்ஸ். எல்லாம் சமமாக இருந்தபோது 90 பென்ஸாக இருந்தது இப்போது பவுண்டைத் தாண்டிவிட்டது.

காரணம் எளிது. ஃபேவரிட் முதலிடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதால் மற்றவற்றின் வின் விலை நீள்கிறது. ஆனால் அந்த ஒரு குதிரையால் ஒரு இடத்தைத்தான் அடைத்துக்கொள்ள முடியும். மற்ற இரண்டு இடங்கள் ஏழு குதிரைகளுக்குத் திறந்தே கிடக்கின்றன. பிளேஸ் விலையோ அந்த நீண்ட வின் விலையிலிருந்து இயந்திரத்தனமாகக் கணிக்கப்படுகிறது. குதிரையின் உண்மையான இடம்பிடிக்கும் வாய்ப்பைப் பார்த்து அது வைக்கப்படுவதில்லை. ஈச் வே முறையின் பலவீனமும் சுவையும் இங்கேதான் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பிளேஸுக்குத் தனி விலை அறிவிக்கும் வழக்கம் இருப்பதால் அங்கே இந்த இடைவெளி இவ்வாறு எழுவதில்லை.

நெடுவழி:

பதினாறு குதிரைக் கணக்கை நானே தாளில் போட்டுப் பார்த்தேன்; சரியாகவே வருகிறது. “எப்போதும்” என்ற என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கிராண்ட் நேஷனல் போன்ற ஓட்டங்களில் “ஆறு இடங்கள் தருகிறோம்” என்று விளம்பரம் செய்துவிட்டுப் பின்னத்தை நான்கில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறார்களே, அது கண்கட்டு வேலை அல்லவா?

எண்கோலம்:

பின்னத்தைக் குறைப்பதை விளம்பரத்தில் சிறிய எழுத்தில் போடுவது எனக்கும் பிடிக்காது. ஆயினும் கணக்கு வாடிக்கையாளர் பக்கமே சாய்கிறது. எய்ன்ட்ரீயில் நடக்கும் அந்த ஓட்டத்தில் 2024 முதல் அதிக அளவு 34 குதிரைகள். அதற்கு முன்பு 40. சம வலிமை என்று கொண்டால் விலை 33/1. நான்கு இடம், நான்கில் ஒன்று எனில் பிளேஸில் ஒரு பவுண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 1.09, ஆறு இடம், ஐந்தில் ஒன்று எனில் ஏறத்தாழ 1.34. இரண்டு இடங்கள் கூடுவதன் பயன் பின்னம் குறைவதன் இழப்பைவிட மிகப் பெரிது. ஆனால் குதிரைகள் பெருகும்போது விலைகளில் ஏற்றப்படும் இலாபமும் பெருகும் என்பதால், இந்த எண்களைக் கொண்டு ஒரு கடையின் நிபந்தனையை மற்றொரு கடையுடன் ஒப்பிடலாமே தவிர, இலாபம் உறுதி என்று கொள்ளக் கூடாது. அந்த விலையையும் பார்க்க வேண்டும்: கூடுதல் இடம் தரும் கடையில் உங்கள் குதிரை 16/1, மற்றொன்றில் 22/1 எனில் ஒப்பீடு வேறாகிவிடும்.

நீண்ட விலைக் குதிரைகள் அங்கே வெல்லாமலும் இல்லை. 1967-இல் ஃபொய்னாவனும் 2009-இல் மான் மோமும் 100/1 விலையில் வென்றன. நான்கில் ஒன்று என்ற நிபந்தனையில் அத்தகைய குதிரை மீது ஒரு பவுண்டு ஈச் வே வைத்தவருக்கு வின்னில் 101, பிளேஸில் 26, மொத்தம் 127 பவுண்டு.

பசும்புல்:

நான் குதிரைகளைத் தொடர்வதில்லை. கோல்ஃப் மட்டுமே பார்ப்பவன். அங்கே ஒரே எண்ணிக்கையில் பலர் முடிப்பது அன்றாட நிகழ்வு என்பதால் ஒரு முறை எதிர்பார்த்ததில் பாதிதான் கிடைத்தது. 40/1 விலையில் ஒருவர் மீது ஐந்து பவுண்டு ஈச் வே வைத்தேன். ஆறு இடம், ஐந்தில் ஒன்று. அவர் மேலும் மூவருடன் சேர்ந்து ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்தார். 45 பவுண்டு வரும் என்று இருந்தேன், 22.50 வந்தது. பணத்தைவிட, ஏன் என்று புரியாததே வருத்தமாக இருந்தது.

பழையகல்லா:

டெட் ஹீட் விதி அது. நால்வர் ஐந்தாம் இடத்தில் சமமாக நிற்கிறார்கள். பணம் தரப்படும் இடங்களுள் மீதியிருப்பவை ஐந்தும் ஆறும் மட்டுமே. இரண்டு இடங்களை நால்வர் பகிர்வதால் உங்கள் பிளேஸ் பணயத்தில் பாதி மட்டும், அதாவது 2.50 மட்டும், உயிருடன் நிற்கிறது. அது 8/1 என்ற பிளேஸ் விலையில் ஒன்பது மடங்காகி 22.50 ஆகிறது. குறைக்கப்படுவது பணயமே, விலையன்று.

குதிரை ஓட்டத்துக்கும் இதுவே விதி என்றாலும் பலர் தவறாகப் பயப்படும் ஓர் இடம் உண்டு. மூன்று இடங்கள் உள்ள ஓட்டத்தில் இரண்டு குதிரைகள் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்தால் பிளேஸ் பகுதியில் எதுவும் குறையாது. இரண்டாம் மூன்றாம் இடங்களை அவ்விரண்டும் நிரப்பிவிடுகின்றன. மூன்றாம் இடத்தைப் பகிர்ந்தால்தான் பாதி. முதலிடத்தைப் பகிர்ந்தால் வின் பகுதி பாதியாகும், பிளேஸ் பகுதி முழுமையாகவே நிற்கும்.

இதனோடு ரூல் ஃபோர் எனப்படும் கழிவையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விலையை உறுதிசெய்து எழுதிய பிறகு ஒரு குதிரை விலகினால் மற்றவற்றின் வெற்றி வாய்ப்பு கூடிவிடுகிறது. அதை ஈடுசெய்ய ஆதாயத்தில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று கழிப்பார்கள். விலகிய குதிரையின் விலை 10/1 முதல் 14/1 வரை எனில் 5 பென்ஸ், 6/1 முதல் 9/1 வரை எனில் 10 பென்ஸ், 5/2 முதல் 3/1 வரை எனில் 25 பென்ஸ், ஒன்றுக்கு ஒன்று முதல் 6/5 வரை எனில் 45 பென்ஸ் என்று ஏறிக்கொண்டே போய், மிக வலிய ஃபேவரிட் விலகினால் 90 பென்ஸ் வரை செல்லும். 14/1-க்கு மேற்பட்ட குதிரை விலகினால் கழிவு இல்லை. வின், பிளேஸ் இரண்டின் ஆதாயத்துக்கும் கழிவு உண்டு, பணயத்தைத் தொடமாட்டார்கள். ஓட்டம் தொடங்கும்போதைய விலைக்கு ஒப்புக்கொண்டு எழுதியவர்களுக்கு, விலகலுக்குப் பின் அமைந்த சந்தையின் விலையே கிடைப்பதால், பொதுவாக இந்தக் கழிவு பொருந்துவதில்லை.

நெடுவழி:

இரட்டைப் பந்தயத்தை, அதாவது இரண்டு ஓட்டங்களின் இரண்டு குதிரைகளைக் கோத்து எழுதும் பந்தயத்தை, ஈச் வேயில் எழுதினால் ஒரு குதிரை வென்று மற்றது இரண்டாவதாக வந்தால் என்ன கிடைக்கும்? இதில் நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்பதில் எனக்கே ஐயம்.

எண்கோலம்:

பிரிட்டனில் வழக்கமான முறை, வின் பணம் அடுத்த குதிரையின் வின்னுக்கும், பிளேஸ் பணம் அடுத்ததன் பிளேஸுக்கும் செல்வது. இரண்டு பவுண்டு ஈச் வே இரட்டை என்றால் செலவு நான்கு பவுண்டு. முதல் குதிரை 5/1, ஐந்தில் ஒன்று. இரண்டாவது 8/1, நான்கில் ஒன்று என்று வையுங்கள். இரண்டும் வென்றால் வின் பகுதி இரண்டை ஆறாலும் ஒன்பதாலும் பெருக்கி 108, பிளேஸ் பகுதி இரண்டை இரண்டாலும் மூன்றாலும் பெருக்கி 12, மொத்தம் 120. ஒன்று வென்று மற்றது இரண்டாவதாக வந்தால் வின் இரட்டை முழுவதும் அழிந்து, 12 பவுண்டு மட்டுமே கிடைக்கும். வென்ற குதிரையின் வெற்றிக்குத் தனியாக எந்தப் பயனும் இல்லை.

சமமாகப் பகிரும் முறை என்று மற்றொன்று உண்டு. அதைத் தனியே குறிப்பிட்டு எழுத வேண்டும். முதல் குதிரை வென்றதால் வரும் 12-ஐயும் 4-ஐயும் கூட்டி 16-ஆக்கி, எட்டு எட்டாகப் பிரித்து இரண்டாவதன் மீது வைப்பார்கள். இரண்டாவது வென்றால் 72-உம் 24-உம் சேர்ந்து 96. இடம் மட்டும் பிடித்தால் 24. பல குதிரைகளைக் கோக்கும் பந்தயங்களில் பணயத்தை எண்ணும்போதும் கவனம் தேவை: லக்கி 15 என்பதில் பதினைந்து பந்தயங்கள், ஈச் வே எனில் முப்பது. ஒரு பவுண்டு என்று எழுதியவர் முப்பது பவுண்டு செலுத்துகிறார்.

புதுவரவு:

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. கற்றதைச் சோதிக்க நானே ஒரு கணக்கைப் போட்டேன். தவறு இருந்தால் திருத்துங்கள். பன்னிரண்டு குதிரை ஹேண்டிகேப், விலை 9/2, நான்கு பவுண்டு ஈச் வே, செலவு எட்டு. நான்கில் ஒன்று என்பதால் பிளேஸ் விலை 9/8. வென்றால் வின்னில் 22, பிளேஸில் 8.50, மொத்தம் 30.50. இடம் மட்டும் பிடித்தால் 8.50, ஐம்பது பென்ஸ் மிச்சம்.

இப்போது 9/1 விலையில் இருந்த ஒரு குதிரை விலகுகிறது என்று கொள்கிறேன். பவுண்டுக்குப் பத்துப் பென்ஸ் கழிவு. பிளேஸ் ஆதாயம் 4.50-இலிருந்து 4.05 ஆகிறது, பணயம் நான்கும் சேர 8.05. ஆகவே இடம் மட்டும் பிடித்தால் ஐந்து பென்ஸாவது மிச்சம். சரிதானே?

பழையகல்லா:

முதல் பகுதி முழுவதும் சரி. இரண்டாவதில் கழிவைச் சரியாகப் போட்டுவிட்டு, குதிரைகளை எண்ண மறந்துவிட்டீர்கள். பன்னிரண்டில் ஒன்று விலகினால் பதினொன்று. பதினொன்றில் ஹேண்டிகேப்புக்கும் ஐந்தில் ஒன்றுதான். பிளேஸ் விலை 9/10 ஆகிறது, நான்கு பவுண்டுக்கு ஆதாயம் 3.60, பத்துப் பென்ஸ் கழிவு போக 3.24, பணயத்துடன் 7.24. எட்டுப் பவுண்டு வைத்த உங்களுக்கு 76 பென்ஸ் நட்டம். வென்றிருந்தால் வின்னில் 16.20-உடன் பணயம் நான்கும் சேர்ந்து 20.20, பிளேஸில் 7.24, மொத்தம் 27.44.

புதுவரவு:

புரிந்தது ஐயா. இனி கழிவைப் போடும் முன் குதிரைகளை எண்ணுகிறேன்.